வலியே இல்லை என்றவருக்கு ஒரு பிரேம்

ஃபிட்டிங் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். ஒருவருக்கு எந்த சைக்கிள் பிரேம் சரி என்று எப்படி மேடம் முடிவு செய்வீர்கள்? கால் நீளம், கை நீளம், இடுப்பு எவ்வளவு வளைகிறது என்பதையெல்லாம் அளக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குக் கேமரா இருக்கிறது, கணினி இருக்கிறது. அளந்து முடித்த பிறகு ஒரு நேரம் வரும். வந்தவர் ஒரு பிரேமைக் காட்டி இதுதான் வேண்டும் என்பார். நம் மனசு இது வேண்டாம் என்னும். அந்த நேரத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது. அதையும் செல்வராசு என்ற ஒருவரை வைத்துத்தான் சொல்லத் தெரியும்.

நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். பஷீர் பாய் தன் அப்பாவின் பழைய சைக்கிள் கடையை விலை உயர்ந்த ரோடு பைக் விற்கிற கடையாக மாற்றியபோது, உடம்பு தெரிந்த ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். இரும்புக் கட்டிலும் மெழுகு ஒத்தடமுமாக இருந்த எனக்கு, முதல் நாள் அவர் ஒரு கார்பன் பிரேமை எடுத்துக் கையில் கொடுத்தது நினைவிருக்கிறது. ஒரு முழு சைக்கிளின் எலும்புக்கூடு. இரண்டு விரலில் தொங்கியது. இதன் மேல் எண்பது கிலோ ஆள் உட்கார்ந்து மலையிலிருந்து இறங்குவார் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

நம்பிய பிறகும் அது எனக்குப் பழகவே இல்லை. போட்டிக்கான பிரேம் ஒன்று, நெடுந்தூரத்துக்கான பிரேம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அதே கார்பன் இழைதான், எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் முன்பக்கம் தாழ்ந்திருக்கும், குழாய்கள் விறைப்பாக இருக்கும், மிதிக்கிற மிதி சிந்தாமல் சக்கரத்துக்குப் போகும். மற்றதில் முன்பக்கம் கொஞ்சம் உயரம், சீட்டுக்குக் கீழே போகும் குழாய்கள் மெலிந்திருக்கும், அகலமான டயருக்கு இடம் விட்டிருப்பார்கள். ரோடு கொடுக்கிற அடி உடம்புக்கு வந்து சேருமுன் பாதி அடங்கிவிடும். இழையை எந்தப் பக்கம் பார்த்து அடுக்குகிறார்கள், எங்கே தடித்தும் எங்கே மெலித்தும் வைக்கிறார்கள் என்பதில் வருகிற வித்தியாசம் இது. கண்ணுக்குத் தெரியாது. ஏறி ஓட்டினால் உடம்புக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியும் என்பதில் எனக்கு இருந்த நம்பிக்கையைத்தான் செல்வராசு வந்து அசைத்தார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கட்டையான உடம்பு, குறைவான பேச்சு. அவர்களுக்குச் சொந்தமாக போர்வெல் ரிக் வண்டி இருந்தது. ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போய்வந்த வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு இப்போது ஊரோடு இருப்பதாகச் சொன்னார். சர்க்கரை வந்ததால் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறார். சாதாரண சைக்கிளில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாமக்கல் ரோட்டில் ஓட்டும் ஒரு குழுவோடு சேர்ந்திருக்கிறார். அந்தக் குழு தை மாதம் கொல்லிமலை ஏறப் போகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு.

"அடிவாரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டனுங்க ஒரு தடவ. இந்தத் தடவ ஏறோணும்," என்றார். கண்ணாடிக்குள் தொங்கிய கருநீலப் போட்டி பிரேமைக் கை நீட்டிக் காட்டினார். "அதுலதானுங்க."

கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும் அந்த வகைதான். அவர்களில் பலர் முப்பதைத் தாண்டாதவர்கள். நான் அவரை அளவெடுக்கிற ஸ்டாண்டில் ஏற்றி உட்கார வைத்தேன். முன்பக்கத்தைப் போட்டி பிரேமின் அளவுக்குத் தாழ்த்தி மிதிக்கச் சொன்னேன்.

"எங்கயாவது வலிக்குதா சார்?"

"இல்லீங்க."

"தோள்பட்டை? மணிக்கட்டு? உள்ளங்கை?"

"சொகமா இருக்குதுங்க மேடம். ஒண்ணுமே இல்லை."

இன்னும் தாழ்த்தினேன். அப்போதும் அதே பதில். முதுகு அவ்வளவு வளைந்து, உடம்பின் பாரம் முக்கால்வாசி கையில் இறங்கியிருந்தது. இளைஞர்களே இரண்டு நிமிடத்தில் விரலை உதறிக்கொள்வார்கள். இவர் அசையவில்லை. அப்போதுதான் கைப்பிடியில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் ஒரு சிவப்புக் கறை பரவுவதைப் பார்த்தேன். பிரேக் கேபிளின் நுனியில் பிரிந்திருந்த கம்பி இழை ஒன்று அவர் விரலில் ஏறியிருந்தது. அதன் மேலேயே அழுத்திப் பிடித்து அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

"சார், கையை எடுங்க."

எடுத்துப் பார்த்தார். "இது எங்கிருந்துங்க ரத்தம்?" என்று என்னைக் கேட்டார்.

உங்களுக்குச் சொல்கிறேன். வலிக்கிறது என்று சொல்கிறவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவர் உங்களுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறார். எங்குமே வலிக்கவில்லை என்கிறவரிடம்தான் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

விரலைத் துடைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டே கையைப் பிடித்துப் பார்த்தேன். மருத்துவமனையில் இருந்தபோது இந்த மாதிரிக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். ரிக்கில் துளை போடுகிறபோது வண்டி முழுக்க அதிரும். அந்த லீவரைப் பிடித்துக்கொண்டு ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் வருடக்கணக்கில் நின்ற கை அது. அதிர்வு உள்ளே புகுந்து நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் தேய்த்துவிடும். குளிர் பட்டால் விரல் வெளுத்துவிடும், பிடி போய்விடும்.

"சார், வீட்டுல இருந்து யாராவது வந்திருக்காங்களா?"

அவர் மனைவி சுமதி வெளியே காரில் இருந்தார். கார் ஓட்டியதும் அவர்தான். உள்ளே வந்து விரலில் இருந்த கட்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு என்னிடம் சொன்னார்.

"காலைல சட்டைப் பொத்தான் நாந்தானுங்க போட்டு உடறேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

செல்வராசு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம்தான், ஆனால் சத்தம் இல்லை. "என்ற கை பத்தி எனக்குத் தெரியுமுங்க. நான் வண்டி வாங்க வந்தேன், வைத்தியத்துக்கு வரலை."

வாசலில் நின்ற பஷீர் பாய் என்னைத் தனியே கூப்பிட்டார். "மேடம், அவர் கேக்கறதக் குடுத்துடலாமே. வேற கடையில குடுத்துடுவாங்க."

"குடுப்பாங்க பாய். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கணும். பிடிச்சிருக்கோமா இல்லையான்னு அவருக்கே தெரியாது."

பஷீர் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு செல்வராசுவிடம் போய், "அண்ணே, மேடம் சரின்னு சொல்ற வரைக்கும் அந்த பிரேம் கண்ணாடியை விட்டு எறங்காது. கோவிச்சுக்காதீங்க," என்றார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை அந்த முதலாளி.

இல்லை என்று சொல்லி அனுப்புவது சுலபம். அது தீர்வு ஆகாது, தப்பித்தல்தான். அவர் நெடுந்தூர பிரேமை எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே, "இது பெருசுங்க வண்டிங்க," என்று, ஏதோ கிழவர்களுக்குச் செய்ததைப் போலத் திரும்பிக்கொண்டார். வாயால் சொல்லி அவரை மாற்ற முடியாது. ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்றும் சொல்ல முடியாது. ரோடு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கையே அவரிடம் பேசுவதில்லை.

அதனால் ஒன்று செய்தேன். முதலில் அவருடைய டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஓட்டலாம், குளிரும் அதிர்வும் ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் இரண்டு பிரேமையும் முழுச் சைக்கிளாகப் பூட்டி, அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு கிராமத்துச் சாலைக்கு எடுத்துப் போனேன். பாதி தார், பாதி பெயர்ந்த ஜல்லி. இரண்டு வண்டிக்கும் அதே சக்கரம், அதே டயர், அதே காற்று. இதை மறந்துவிடாதீர்கள். டயரை மாற்றிவிட்டு பிரேமைச் சோதித்தேன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நிறைய.

"நீங்க எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லவே வேண்டாம் சார். அந்தப் புளியமரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க. வந்ததும் உங்க சட்டையில மேல் பொத்தானை நீங்களே போடணும். அவ்வளவுதான்."

முதலில் போட்டி பிரேமில் போனார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஜல்லி வந்ததும் அவர் தலை ஆடுவதையும், தோள் காதுக்கு ஏறுவதையும், பள்ளம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் மிதிப்பது நின்று போவதையும் பார்த்தேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்து இறங்கினார். வலது கையில் இரண்டு விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. பொத்தானைப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார். உதவ எட்டி வரப் போன சுமதி நின்றுவிட்டார். செல்வராசு சட்டையை விட்டுவிட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கை பழையபடி ஆகும் வரை காத்திருந்தோம். சாலையோரம் மரவள்ளிக் காட்டில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பிறகு நெடுந்தூர பிரேமில் ஏறினார்.

அன்று நான் பார்த்ததை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், சரியாகச் சொன்னதாக ஒரு முறையும் தோன்றியதில்லை. அதே ஆள், அதே சாலை, அதே வெயில். முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, முழங்கை மடங்கித் தளர்ந்திருந்தது. ஜல்லிக்குள் சக்கரம் இறங்கியது. தலை ஆடவில்லை. கால் நிற்கவில்லை. சீட்டுக்குக் கீழே அந்த மெல்லிய குழாய் இரண்டும் ஏதோ செய்துகொண்டிருந்தன. கண்ணால் பார்க்க முடியவில்லை, ஆனால் அடி மேலே ஏறாமல் வழியிலேயே எங்கோ கரைந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டரில் இருந்த எனக்குத்தான் பல் தட்டியது. புளியமரத்தில் திரும்பும்போது நான் பின்தங்கியிருந்தேன்.

இறங்கினார். பொத்தானைப் பிடித்தார். மெதுவாகத்தான், துளையைத் தேடித்தான், ஆனால் போட்டுவிட்டார். சைக்கிளில் இருந்த மீட்டரைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இதுல சீக்கிரம் வந்திருக்கறனாட்ட இருக்குது?"

"ஆமா சார்."

"இது பெருசுங்க வண்டிதானுங்களே?"

"அதுல நீங்க ரோட்டோட சண்டை போட்டீங்க. இதுல ஓட்டுனீங்க."

சுகம் ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம் என்று தராசில் வைத்துப் பேசும் வாடிக்கையாளர்கள் உங்களிடம் வருவார்கள். வழவழப்பான ரோட்டில், ஒரு மணி நேரப் போட்டியில், அது சரியாகக்கூட இருக்கலாம். நம் ரோடுகளில், நாள் முழுக்க ஓட்டுகிற ஆளுக்கு, அடி வாங்காத உடம்புதான் வேகமான உடம்பு. அதை அன்று நான் செல்வராசுவுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவரோடு சேர்ந்து நானும் பார்த்தேன்.

அந்த பிரேமை எடுத்துக்கொண்டார். அகலமான டயர் போட்டு, காற்றைக் குறைத்து, விரல் நுனி பட்டாலே பிடிக்கிற ஆயில் பிரேக் வைத்து, கைப்பிடிக்கு இரட்டை டேப் சுற்றிக் கொடுத்தோம். தை பிறந்ததும், "நீங்களும் வாங்க மேடம், நான் தனியா கார்ல ஏற மாட்டேன்," என்று சுமதி கூப்பிட்டார். போனேன்.

அடிவாரத்துக் காரவள்ளியில் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். இளைஞர்கள் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு முதல் வளைவுகளில் மறைந்துவிட்டார்கள். செல்வராசு உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. நாங்கள் காரில் கொஞ்சம் முன்னால் போவதும், ஒதுங்கி நின்று அவர் வருவதைப் பார்ப்பதுமாக ஏறினோம். ஒவ்வொரு முறையும் அதே வேகம். வளைவுக்கு மேல் வளைவாக ரோடு தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பலாவும் மிளகுக்கொடியும் வரத் தொடங்கின, பனி இறங்கியது. முன்னால் பறந்தவர்கள் அங்கங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைக் கடக்கும்போது வேகம் கூட்டவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு தடவைகூடக் கால் தரையில் படவில்லை. சுமதி வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மலைக்கும் அந்த மனிதருக்கும் நடுவே பேச எனக்கு எந்த உரிமையும் இருப்பதாகத் தோன்றவில்லை.

மலை மேலே, சோளக்காடு என்ற ஊரில் எல்லோரும் கூடினார்கள். கைதட்டல், போட்டோ. காற்று குத்தியது, பனி இன்னும் விலகவில்லை. குழுவுக்குத் தலைவர் போல இருந்த ராசிபுரத்துப் பல் டாக்டர், "பஸ் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி இறங்கிடலாம்," என்றார். எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டினார்கள். செல்வராசு கையுறையைக் கழற்றிப் பார்ப்பதை நான் பார்த்தேன். விரல்கள் வெளுத்திருந்தன.

அந்த நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் நான் வேண்டாம் என்றால் அவர் மானம் போகும். சொல்லாமல் விட்டால் கீழே எழுபது வளைவு. வாயைத் திறக்கத்தான் போனேன். அவர் என்னைப் பார்த்து, பேச வேண்டாம் என்பது போலத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு காற்றுக்குப் போட்டிருந்த மேல்சட்டையின் பொத்தானை, எல்லோரும் பார்க்க, போட்டுப் பார்த்தார். நழுவியது.

"நீங்க எல்லாம் போங்க சாமி," என்றார் குழுவிடம். "நான் ஏறிட்டேன். என்ற கை இன்னும் ஏறி வரலை. அது வந்ததும் நாங்க ரெண்டு பேரும் இறங்கிக்கறோம்."

ஒருவர் சிரித்தார். பல் டாக்டர் சிரிக்கவில்லை. கிட்ட வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். "எத்தனை நாளா அண்ணா?"

"அது ஆச்சுங்க, ரொம்ப நாள். ரிக்குல நின்ன கை."

டாக்டர் தன் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒவ்வொருவராக எல்லோரும் கழற்றினார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். செல்வராசு சூடான டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். தன் கையைப் பற்றி வெளியாட்களிடம் அவர் பேசியது அதுதான் முதல் முறை என்று சுமதி பிறகு சொன்னார். ராஜஸ்தான் மணலில் பனிக்காலத்தில் ரிக் போட்டதை, லீவரில் இருந்து விரலைப் பிரிக்க முடியாமல் போன காலைகளைச் சொன்னார். இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்கள் வந்தன, போயின. வெயில் ஏறியது. விரல்களில் ரத்தம் திரும்புவதை நான் பார்த்தேன், நகத்தடியிலிருந்து மெல்லச் சிவந்து வந்தது. பொத்தானைப் போட்டுக் காட்டினார். பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். நான் சரி என்றேன்.

ஒரு ஃபிட்டர் செய்கிற வேலையின் எல்லையை அங்கே கண்டேன். பிரேமை நான் தேர்ந்தெடுத்தேன். எப்போது இறங்குவது என்பதை அவர்தான் தேர்ந்தெடுத்தார். முதலாவது தப்பாக இருந்திருந்தால் இரண்டாவதற்கு இடமே இருந்திருக்காது. முதலாவது மட்டும் சரியாக இருந்தாலும் போதாது.

இறங்கும்போது நாங்கள் காரில் பின்னாலேயே போனோம். வளைவுக்கு வளைவு அவர் சாய்வதும் நிமிர்வதும், ரோடு பெயர்ந்த இடங்களில் சக்கரம் மட்டும் துள்ள உடம்பு அப்படியே மிதந்து போவதும் தெரிந்தது. கை எங்கேயும் இறுகவில்லை. கீழே சமவெளி திறந்துகொண்டே வந்தது. தென்னை, கரும்பு, கோழிப்பண்ணைக் கூரைகள், அதற்கப்பால் வெயிலில் கரைந்துபோன தூரம். காரவள்ளியில் எல்லோரும் நின்று சாப்பிடுவதாகப் பேச்சு. மற்றவர்கள் நின்றார்கள். செல்வராசு நிற்கவில்லை. சேந்தமங்கலத்துக்குப் போகும் நேர் ரோட்டில் அப்படியே போய்க்கொண்டிருந்தார். மரங்களுக்கு நடுவே சின்னதாகி, சின்னதாகி.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

சுமதி வண்டியை நிறுத்தவில்லை. கண் அந்த ரோட்டிலேயே இருந்தது.

"வேண்டாமுங்க மேடம். கலியாணம் ஆனதுல இருந்து இப்படித்தான் பாத்துட்டு நின்னிருக்கறேன். ரிக்கு கிளம்புனா, தெருமுக்குல திரும்பற வரைக்கும் நிப்பேன். அப்புறம் ஊட்டுக்குள்ள போயிருவேன், மாசக்கணக்குல வர மாட்டாரு." கியரை மாற்றினார். "இன்னைக்குத்தானுங்க நானும் பின்னாலயே போறேன்."